தயிர்க்கார அக்கா கண்டது

ஒருமுறை எங்கள் ஊர் வயலுக்குள் யானை இறங்கியது. விடிந்ததும் ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னார்கள். ஒருவர் பத்து என்றார். இன்னொருவர் குட்டிகளோடு பதினேழு என்றார். அந்த வழியால் தயிர்ச் சட்டியோடு வந்த அக்காவிடம் கேட்டார்கள். அவர் தலையில் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, "ஒரு யானையின்ர பின்பக்கத்தைக் கண்டனான்" என்றார்.

"ஏன், அதுக்கு முன்பக்கம் இல்லையோ?" என்று ஒருவர் பகிடி விட்டார்.

"இருந்திருக்கும். நான் காணேல்லை."

ஒட்டுசுட்டானுக்குப் போகும் தெருவில் இருக்கிற எங்கள் ஊரில் எல்லாரும் அவரைத் தயிர்க்கார அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதை நான் இங்கே எழுதவில்லை. ஒருமுறை அந்தப் பெயரை ஒரு கடுதாசியின் தலைப்பில் எழுதி, அதற்குக் கீழே அவர் சொல்லாத ஒன்றை எழுதினவன் நான். இன்னொருமுறை எழுத எனக்குக் கை வரவில்லை.

அவரிடம் எருமைத் தயிர் வாங்குவதே ஒரு சோதனைதான். "கட்டித் தயிரோ அக்கா?" என்று கேட்டால், "இன்னும் மூடி திறக்கேல்லை, எனக்குத் தெரியாது" என்பார். விற்கிறவர் சொல்லும் பதிலா இது? ஒருமுறை கலியாணத் தரகர் ஒருவர் ஒரு பெண்ணைப் பற்றி அவரிடம் விசாரித்தார். பிள்ளை வெள்ளையோ, கறுப்போ? "பொழுதுபடேக்கைதான் கண்டனான். நிறம் சொல்லேலாது." தரகர் தலையில் அடித்துக்கொண்டு போனார். பொய் சொல்லாதவர்கள் ஊரில் வேறும் இருந்தார்கள். ஆனால் கண்டதற்கும் காணாததற்கும் நடுவில் வேலி போட்டு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

போன மாசம் வவுனியாவிலிருந்து இரண்டு பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். கையில் கைத்தொலைபேசி, அதைப் பூட்டிப் பிடிக்க ஒரு தடி. கடையடியில் யாரோ என் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள்.

"ஐயா, அந்தக் கால் கழுவுற பேய்வீட்டைப் படம் பிடிக்க வந்தனாங்கள். நீங்கள் பழைய ஆள். கதையை ஒருக்காச் சொல்லுங்கோ."

"நீங்கள் கேள்விப்பட்டதை முதல் சொல்லுங்கோ தம்பி" என்றேன்.

சொன்னார்கள். அது சரியாக உச்சி வெயிலில் வருமாம். கிணற்றடியில் நின்று முதலில் வலது காலைக் கழுவுமாம், பிறகு இடது காலை. பிறகு சாம்பல் அள்ளிக் கையில் தேய்க்குமாம். நனைந்த சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டுமாம். ஒரு துணிப் பொட்டலத்தைக் கிணற்றுக்குள் போடுமாம். ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கதைக்காமல், பின்வேலியால் குளக்கட்டுப் பக்கம் போய்விடுமாம்.

"அதுக்குத் தலை இல்லையாம் ஐயா" என்றான் மற்றவன்.

"தலை இல்லாமல் என்னெண்டு தம்பி திரும்பிப் பார்க்கும்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தலையில்லாத பகுதியைத் தவிர மற்ற எல்லாம் ஒரு பெண் என் முன்னே நின்று சொன்னவை. பேனையும் கடுதாசியும் என் கையில்தான் இருந்தன.

அந்த வீடு இப்போதும் நிற்கிறது. ஓடு போய்விட்டது, சுவர் இருக்கிறது. சண்டைக்குக் கன வருடம் முந்தி, அதில் தனியாக இருந்த பெரியவர் ஒருவர் ஒரு மத்தியானம் குசினிக்குள், அடுப்படியில், அடிபட்டுச் செத்துக் கிடந்தார். கலியாணம் செய்யாத மனிதர். நெற்காணியும் அந்தக் கல்வீடும் அவருக்கு இருந்தன. உரிமை என்று சொல்ல அக்கா மகன் ஒருவன் இருந்தான். அந்த மருமகனைத்தான் என் தங்கைக்குப் பேசி முடித்திருந்தோம். நாள் வைத்தாயிற்று. கூறைச் சேலையும் எடுத்தாயிற்று.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பகுதித் திடீர் மரண விசாரணையும் என் பொறுப்பில் இருந்தது. பாம்பு கடித்தால், கிணற்றில் விழுந்தால், யானை அடித்தால், போய்ப் பார்த்து, கண்டவர்களைக் கேட்டு எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவது என் வேலை. அதுவரை நான் எழுதியவற்றில் கொலை இல்லை.

அக்காவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அவருக்குக் கலை வரும், அம்மாளாச்சி என்கிற அம்மன் அவருக்குள் வருவார். வருடத்தில் ஒரே நாள், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலின்போது. தாலி கட்டின நாளுக்கும் பிள்ளை பெற்ற நாளுக்கும் இல்லாத ஒரு முகம் அன்றைக்கு அவருக்கு இருக்கும் என்று என் தாய் சொல்லுவார். ஊர்ச் சனம் காலில் விழுந்து குறி கேட்கும். கலை இறங்கி, தண்ணீர் குடித்து எழும்பியதும், "அக்கா, என்ர பிள்ளைக்குச் சுகம் வருமெண்டு சொன்னீங்களே" என்று யாராவது வந்தால், "நான் சொல்லேல்லை. அவ சொல்லியிருப்பா. அவ சொன்னது எனக்குத் தெரியாது" என்பார். அங்கேயும் அதே வேலிதான்.

விசாரணை அந்த வீட்டின் முன் விறாந்தையில் நடந்தது. பொங்கலுக்கு ஒரு கிழமை இருந்தது. அக்கா விரதத்தில் இருந்தார், மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. எனக்கு ஒரு மேசை, ஒரு கதிரை. பக்கத்தில் நின்ற பொலிஸ்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வளவு நிறையச் சனம். மூன்று நான்கு பேர் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் போன பிறகு அக்கா முன்னுக்கு வந்தார். ஆரும் கூப்பிடவில்லை. அவராகத்தான் வந்தார்.

கண்டதைச் சொன்னார். கிணற்றடியில் நின்றவர் யார் என்று கேட்டேன். "ஐயாவின்ர மருமகன்" என்றார்.

 சனத்துக்குப் பின்னால் இருந்து ஒரு கிழவர், "அம்மாளாச்சி!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவ்வளவுதான். இரண்டு பெண்கள் குரவையிட்டார்கள். யாரோ வெற்றிலையில் கற்பூரம் வைத்துக் கொளுத்திவிட்டார்கள்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "கற்பூரத்தை ஊதி நூருங்கோ. எனக்குக் கலை இல்லை. இது அம்மாளாச்சி சொல்லேல்லை, நான் சொல்லுறன்."

"இதையும் அவதான் சொல்லுறா" என்றார் கிழவர்.

அந்த நேரம் என் கண்ணுக்கு ஒரு வழி தெரிந்தது. மனம் கலங்கித் தவறினேன் என்று இத்தனை வருடமும் எனக்கே சொல்லிவந்திருக்கிறேன். அது பொய். என் மனம் அன்றைக்குப் போல் தெளிவாக வேறொரு நாளும் இருந்ததில்லை. அவர் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. என் தங்கையின் கூறைச் சேலையும் நினைவில் வந்தது. நான் இப்படி எழுதினேன்: "இவர் தெய்வக்கலை வந்த நிலையில் பேசினார். இவர் கூற்றைச் சாட்சியமாகக் கொள்ள இயலாது. குறிப்பிட்ட நபர் அன்று முல்லைத்தீவில் நின்றதை நான் அறிவேன்."

எழுதி முடித்ததும் அக்கா கேட்டார்: "வாசிச்சுக் காட்டுங்கோ மாஸ்ரர்."

வாசித்தேன். கடுதாசியைப் பார்த்தபடியே, அதில் இல்லாத அவருடைய சொற்களை, அவர் சொன்ன ஒழுங்கில் வாசித்தேன். வலது கால், இடது கால், சாம்பல், சாரம், பொட்டலம். பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஞாபகசக்திக்குக் குறைவில்லை. அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்.

வெளியே வந்து, மாப்பிள்ளை அன்று முல்லைத்தீவில் நின்றது எனக்குத் தெரியும் என்று நாலு பேருக்குச் சொன்னேன். மாஸ்ரர் சொன்னால் நம்புவார்கள். ஆனால் அம்மாளாச்சியின் வாக்கையும் அவர்களால் தள்ள முடியவில்லை. மருமகன் முல்லைத்தீவில் நின்றதும் உண்மை, கிணற்றடியில் நின்றதும் உண்மை என்றால், கிணற்றடியில் நின்றது மனிதனாக இருக்க முடியாது. செத்தவரின் ஆவிதான் மருமகனின் உருவத்தில் வந்து கால் கழுவியிருக்கவேண்டும். என் பொய்யும் அவருடைய உண்மையும் ஒன்றாக நிற்பதற்கு நடுவில் ஒரு பேய் தேவைப்பட்டது. ஊர் அதைச் செய்துகொண்டது. மாசம் முடிவதற்குள் அந்தத் தெருவால் மத்தியானத்தில் போவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று.

போனவர் அக்கா ஒருவர்தான். "பயமில்லையோ அக்கா? பேயைக் கண்டது நீங்கள்தானே" என்று கேட்பார்கள்.

"பேயைக் காணேல்லை. ஆளைத்தான் கண்டனான்."

கேட்டவர்களுக்கு இன்னும் நடுக்கம் கூடும். ஆளைப் போலவே இருந்ததாம் என்று அதையும் கதையில் சேர்த்துக்கொள்வார்கள்.

வழக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று அவர் சில மாசம் பார்த்திருக்கிறார். பிறகு ஒருநாள் தயிரை விற்றுவிட்டு, வெறுஞ்சட்டியோடு பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போய் அரசாங்கக் கந்தோரில் விசாரித்திருக்கிறார். அங்கே ஒரு எழுதுவினைஞர் கடுதாசியை எடுத்து வாசித்துக் காட்டியிருக்கிறார். அன்று பின்னேரம் அவர் என் வீட்டு வாசல் படலையடியில் நின்றார்.

"மாஸ்ரர், வாசிச்சது ஒண்டு, எழுதினது ஒண்டோ?"

நான் படலையைத் திறந்துவிட்டேன்; அவர் வெளியிலேயே நின்றார்.

"நான் அவரைப் பிடிச்சுக் குடுங்கோ எண்டு கேக்கேல்லை. அடிச்சதை நான் காணவுமில்லை. கண்டதை மட்டும் நான் சொன்னதாய் எழுதிப்போடுங்கோ. அது அம்மாளாச்சியின்ர தலையில கிடக்கப்பிடாது. அவ காணேல்லை, நான்தான் கண்டனான்."

அவர் கேட்டது அவ்வளவுதான். பார்க்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு நாலைந்து மாசத்துக்கு ஒருமுறை வந்து நிற்பார். சத்தம் போடமாட்டார், திட்டமாட்டார். "எழுதிப்போட்டியளோ?" நான் இல்லை என்று தலையாட்டுவேன். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவர் வராத நாட்களிலும் படலை அசையும். காற்றுக்குத்தான் அசைந்திருக்கும். எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்து இருப்பேன். அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை.

அடுத்த வைகாசியில் ஊரே வற்றாப்பளைக்குப் போனது. அக்கா போகவில்லை. அரிசியும் கற்பூரமும் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து அனுப்பினார். சுகமில்லையாக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த வருடமும் போகவில்லை. தெருவில் கண்டபோது காரணம் கேட்டேன். என்ன நெஞ்சழுத்தத்தில் கேட்டேனோ தெரியாது.

"அவ எனக்குள்ள வந்து போனா, நான் சொன்னதும் அவ சொன்னதெண்டு ஆகுது. அந்தக் கடுதாசி சரிவருமட்டும் நான் அங்கை போறேல்லை மாஸ்ரர்."

அவர் சாகும்வரை போகவில்லை. ஒரு மனிசியின் சாட்சியத்தை மட்டும்தான் எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அவருடைய தெய்வத்தையும் எடுத்திருக்கிறேன்.

என் தங்கையின் கலியாணம் குறித்த நாளில் நடந்தது. தங்கை வீட்டுக்கும் அக்காதான் தயிர் கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போனால், மச்சானின் சோற்றுக் கோப்பையில் அக்காவின் தயிர் இருக்கும். அவன் பிசைந்து சாப்பிடுவான். நான் அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தங்கை, "அண்ணை, உங்களுக்குத் தயிர் விடட்டோ?" என்பாள். வேண்டாம் என்பேன். என் வயிற்றுக்குத் தயிர் ஒத்துவராது என்று அவள் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தாள்.

கெட்டிக்காரி அவள். ஒருநாள் அக்காவிடமே கேட்டிருக்கிறாள்: "ஏனக்கா, நீங்கள் வந்தால் எங்கட இவர் அறைக்குள்ள போறார்?"

அக்கா சொல்லியிருக்கலாம். கேட்டால் சொல்லுகிறவர் அவர். ஆனால் அன்றைக்கு, "அதை உங்கட அண்ணையிட்டைக் கேளுங்கோ. எழுதினவர் அவர்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒரு வாசலைத் திறந்து விட்டிருக்கிறார் என்று இப்போது படுகிறது. தங்கை வந்து கேட்டாள். நான், "அந்த மனிசிக்குக் கலை வாறது உனக்குத் தெரியும்தானே" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். மறுபடி அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. தயிரையும் நிறுத்தவில்லை.

பிறகு சண்டை. இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, கடைசியில் எல்லாரும் வவுனியா முகாமுக்குள் வந்து சேர்ந்தோம். அக்காவின் ஒரே மகன் கடைசிக் கிழமைகளில் காணாமல் போயிருந்தான். மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பம் நிரப்பச் சொன்னார்கள். விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். என் முன்னால் வந்து குந்தினார். மெலிந்து பாதியாகியிருந்தார்.

"மகன் செத்ததைக் கண்டனீங்களோ அக்கா?"

"இல்லை."

"எல்லாரும் நிரப்புகினம். ஒரு கைநாட்டுத்தான்."

"காணாததுக்கு வைக்கமாட்டன் மாஸ்ரர். வாசிச்சுக் காட்டினதை நம்பி ஒருக்கா வைச்சது போதும்."

பக்கத்தில் நின்ற பெண்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பேச்சை மாற்றுவதற்காக, கந்தோர்க் கடுதாசியெல்லாம் சண்டையில் எரிந்துபோய்விட்டது, அந்தப் பழைய கடுதாசியும் இனி இல்லை என்று சொன்னேன். அவருடைய முகம் வெளித்தது.

"எரிஞ்சு போச்சோ? நல்லது. அப்ப இனிப் புதிசாய் எழுதலாம்."

பேனை என் கையில் இருந்தது. முழங்காலில் வெள்ளைக் கடுதாசி இருந்தது. இரண்டு கூடாரம் தள்ளி என் தங்கை அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். "ஊருக்குப் போய்ப் பார்ப்பம் அக்கா" என்றேன். அவர் எழும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டபோது இருந்ததைவிட அது பெரிய தொந்தரவாக இருந்தது.

ஊருக்குத் திரும்பி, தகரக் கொட்டிலில் இருந்தபோது அவர் காய்ச்சலில் போனார். செத்த வீட்டுக்குப் போனேன். உள்ளே போகவில்லை. மச்சான் அதற்கு அடுத்த வருடம் நெஞ்சு நோவில் தன் கட்டிலில் செத்தான். அவனிடமும் நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஏன் செய்தான், காணிக்காகவா, கோபத்திலா, எனக்குத் தெரியாது. என் தங்கை போன தையில் இறந்தாள். அவள் இருக்கும்வரை எழுதத் துணிவில்லை என்று சொன்னால் அது கொஞ்சம் நல்ல காரணம் போல் கேட்கும். அப்படி எடுத்துக்கொள்ளவேண்டாம்.

அந்தப் பொடியன்கள் வந்து போன மறுநாள் பொலிசுக்குப் போனேன். இளம் அதிகாரி ஒருவர், நல்ல தமிழ் பேசினார். கதிரை தந்து கடைசிவரை கேட்டார். "ஐயா, செய்தவர் எண்டு நீங்கள் சொல்லுறவர் செத்திட்டார். கண்டவாவும் செத்திட்டா. கடுதாசி இல்லை. நான் இதை எந்தப் புத்தகத்தில எழுதிறது?" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "அது பேய்க் கதைதானே ஐயா, நாங்களும் சின்னனில கேட்டதுதானே" என்றார்.

ஆகையால் இங்கே எழுதுகிறேன். அவர் சொன்னது இது:

"மத்தியானம் தயிர் கொண்டு போனனான். பின்பக்கத்தால கூப்பிட்டன். குசினிக்குள்ள இருந்து ஒருத்தரும் பேசேல்லை. கிணத்தடியில ஐயாவின்ர மருமகன் நிண்டவர். வலது காலைக் கழுவினவர், பேந்து இடது காலை. கைக்குச் சாம்பல் போட்டுத் தேய்ச்சவர். சாரம் நனைஞ்சிருந்தது, மடிச்சுக் கட்டினவர். ஒரு பொட்டலத்தைக் கிணத்துக்குள்ள போட்டவர். அதுக்குள்ள என்ன எண்டு எனக்குத் தெரியாது. என்னைத் திரும்பிப் பார்த்தவர். தயிர் எண்டு சொன்னனான். அவர் ஒண்டும் கதைக்கேல்லை. பின்வேலியால போனவர். ஐயாவை ஆர் அடிச்சதெண்டு நான் காணேல்லை. வேலிக்கு அங்காலை ஒரு சைக்கிள் சாத்திக் கிடந்தது. அது ஆரின்ர சைக்கிள் எண்டு எனக்குத் தெரியாது. இதைச் சொல்லுறது நான்தான், வேற ஒருத்தரும் இல்லை."

ஊர்க்கதையில் இந்தச் சைக்கிள் இல்லை. பேய்க்குச் சைக்கிள் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அன்று வாசித்துக் காட்டும்போது நானும் அதை விட்டுவிட்டேன். "சைக்கிளை விட்டிட்டியள் மாஸ்ரர்" என்று அவர்தான் ஞாபகப்படுத்தினார். வாயால் சேர்த்துச் சொன்னேன்.

சைக்கிள் என்னுடையது. அன்று காலையில் மருமகன் அதை முல்லைத்தீவுக்கென்று என்னிடம் இரவல் வாங்கிக்கொண்டு போனான். பின்னேரம் கொண்டுவந்து தந்தபோது அதைக் கழுவித் துடைத்திருந்தான். பிடியில் சாம்பல் ஒட்டியிருந்தது. இதை நான் கண்டேன்.